மூன்று கல், மூன்று மொழி: ஒரு ஜெர்மன் குடும்பத்தின் கல்லறை வரலாறு

பென்சில்வேனியாவில் வொமெல்ஸ்டார்ஃப் என்ற சிற்றூரை ஒட்டிய பண்ணை நிலத்தில், 1760இல் இறந்த கொன்ராட் வைசரின் கல்லறை இருக்கிறது. கல்லில் வெட்டியிருப்பது ஜெர்மன். அங்கிருந்து கிழக்கே சுமார் 60 கி.மீ. தள்ளி, டிராப் என்ற ஊரின் பழைய லுத்தரன் ஆலயத்தின் பின்புறம் அவருடைய மருமகன் ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க் கிடக்கிறார். இறந்தது 1787இல், கல்வெட்டு லத்தீனில். அதே வளாகத்தில் மூலன்பெர்க்கின் மூத்த மகன் பீட்டர். இறந்தது 1807இல், கல்வெட்டு ஆங்கிலத்தில். மாமனார், மருமகன், பேரன் என்று மூன்று தலைமுறை, மூன்று மொழி. முதல் சாவுக்கும் மூன்றாவது சாவுக்கும் இடையே 47 ஆண்டுகள்தான்.

அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியக் குடும்பங்களின் வேரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட கல்லறைத் தோட்டங்களில்தான் தொடங்குகிறார்கள். பெயரும் தேதியும் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அவர்களில் பலர். கல்லறைக் கல்லைப் பிறப்புச் சான்றிதழ் போலப் படிக்கக் கூடாது என்பது என் கட்சி. இறந்தவர் எழுதியதல்ல அது. பின்னால் இருந்தவர்கள் காசு கொடுத்து வெட்டுவித்தது. எதைச் சொல்ல வேண்டும், எந்த மொழியில் சொல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் அவர்களே. அந்தத் தீர்மானங்களைப் படிக்கத் தெரிந்தால்தான் கல் பயன்படும். வைசர்–மூலன்பெர்க் குடும்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கல்லுக்கு வெளியிலும் அவர்களைப் பற்றிக் காகிதங்கள் ஏராளம். எனவே கல்லைக் குறுக்கு விசாரணை செய்ய முடிகிறது.

வைசரின் கல் பிறந்த தேதியைச் சொல்கிறது, 1696 நவம்பர் 2. பிறந்த ஊரையும் அது எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது என்பதையும் சொல்கிறது: தென்மேற்கு ஜெர்மனியில் வூர்ட்டம்பெர்க் நாட்டின் ஹெரன்பெர்க் வட்டாரத்து அஃப்ஷ்டெட். அக்காலத்துக் குடியேறிகளின் கல்லறைகளில் இது லேசில் கிடைக்காத செய்தி. பல கற்களில் 'ஜெர்மனியில் பிறந்தவர்' என்ற அளவோடு சரி. ஜெர்மனி என்று ஒரே நாடே அன்று கிடையாது. நூற்றுக்கணக்கான சிற்றரசுகள்தான் இருந்தன. ஊர்ப்பெயர் தெரியாமல் அங்கே யாரையும் தேட முடியாது. ஊர்ப்பெயர் இருந்தாலும் கல்தச்சர் காதில் விழுந்தபடி வெட்டியிருப்பார். வூர்ட்டம்பெர்க் என்பது விட்டன்பெர்க் என்று ஆகிவிட்ட பழைய பதிவுகள் உண்டு. லூத்தரின் ஊரான விட்டன்பெர்க்கோ வேறொரு திசையில், இன்றைய சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில் இருக்கிறது. தவறான மாநிலத்தில் வருடக்கணக்காகத் தேடுகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

வைசர் விஷயத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிறந்தது அஃப்ஷ்டெட்டில், ஞானஸ்நானம் பெற்றது பக்கத்து ஊரான குப்பிங்கனில். அப்பா சொல்லித்தான் தமக்கு இது தெரியும் என்று வைசரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிறந்த ஊரில் கோயில் பதிவேட்டைத் தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்பும் சந்தர்ப்பம் இது. கல் காட்டிய ஊரைச் சுற்றி, அதன் தாய்ச்சபை எங்கே இருந்தது என்று பார்ப்பதுதான் அடுத்த படி.

அப்பா யோஹான் கொன்ராட் ரொட்டி சுடுகிறவர், படையிலும் இருந்தவர். 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிர் தென்மேற்கு ஜெர்மனியில் திராட்சைத் தோட்டங்களையும் பயிரையும் கருக்கியது. போரும் வரியும் ஏற்கெனவே மக்களை நசுக்கியிருந்தன. அந்த ஆண்டு மே மாதம் கொன்ராடின் தாய் குரோஸ்ஆஸ்பாக் என்ற ஊரில் இறந்தார். ஜூனில் அப்பா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ரைன் நதி வழியே கிளம்பினார். அந்தக் கோடையில் லண்டனில் வந்து குவிந்த ஜெர்மானியர் ஏறத்தாழ 13,000 பேர். அவர்களில் சுமார் 3,000 பேரை ஆங்கிலேய அரசு நியூயார்க்குக்குக் கப்பலேற்றியது. கடற்படைக்கு வேண்டிய தாரை அங்குள்ள பைன் மரங்களிலிருந்து காய்ச்சி எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நூற்றுக்கணக்கானோர் வழியிலும் இறங்கிய கையோடும் மாண்டார்கள். தார் காய்ச்சும் திட்டம் படுதோல்வி.

தாயின் கல்லறை என்ன ஆயிற்று? ஜெர்மனியில் கிராமத்துக் கல்லறை இடம் நிரந்தரச் சொத்து அல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு, இன்று பெரும்பாலும் 20 முதல் 30 ஆண்டுகளுக்கு, ஒதுக்கப்படுவது. தவணை முடிந்தால் கல்லை அகற்றி அடுத்தவரை அங்கே புதைப்பார்கள். அதனால் பூர்வீக ஊரைப் பார்க்கப் போகும் அமெரிக்கர்கள் 18ஆம் நூற்றாண்டுக் குடியானவர் ஒருவரின் கல்லையும் காணாமல் திகைத்து நிற்பதுண்டு. ஜெர்மானியக் குடியானவர்களின் பழைய கல்லறைக் கற்களைப் பார்க்க வேண்டுமானால் பென்சில்வேனியாவுக்குத்தான் வர வேண்டும் என்பது சற்று வேடிக்கையான உண்மை.

நியூயார்க்கில் இளம் கொன்ராடை அப்பா ஒரு குளிர்காலம் முழுக்கப் பூர்வகுடியினரான மொஹாக் மக்களோடு தங்க விட்டார். அங்கே கற்ற மொழி அவரைப் பிற்காலத்தில் பென்சில்வேனியா அரசின் முதன்மை மொழிபெயர்ப்பாளராகவும் தூதராகவும் ஆக்கியது. 1744இல் லங்காஸ்டரில் நடந்த பெரும் ஒப்பந்தப் பேச்சு உட்பட, பூர்வகுடியினருடன் அரசு பேசிய முக்கியமான அவைகளில் எல்லாம் அவர் இருந்தார். கல்லில் இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அவர் பின்னர் குடியேறிய, பென்சில்வேனியாவின் டல்பஹாக்கன் பள்ளத்தாக்கு லெனாப்பே என்ற பூர்வகுடி மக்களின் நிலம். ஜெர்மானியர் 1723இலேயே அங்கு வந்து உழத் தொடங்கிவிட்டார்கள், அரசு அதை விலைபேசி வாங்கியது 1732இல்தான் என்பதையும் எந்தக் கல்லும் சொல்லாது. நிலத்துப் பத்திரங்களில்தான் அது இருக்கிறது.

இனி, இந்த ஜெர்மன் கற்களைப் படிப்பதன் சிக்கல். எழுத்து ஃபிராக்டூர் என்னும் கோணல்மாணலான பழைய வடிவம். அதில் நீண்ட 'ஸ்' ஒலியெழுத்து 'ஃப்' போலவே இருக்கும். 'ஐ'யும் 'ஜே'யும் ஒரே முகம். பெயரை ஓர் எழுத்து தப்பாகப் படித்து வேறொரு குடும்பத்துக்குள் நுழைந்துவிடுவது எளிது. மாதப் பெயர்களில் இன்னொரு பொறி. 7, 8, 9 என்ற எண்களுக்குப் பின்னால் 'பிஆர்' என்று இரண்டெழுத்து போட்டிருந்தால் அவை ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் அல்ல. லத்தீனில் ஏழு, எட்டு, ஒன்பது என்று பெயர் பெற்ற செப்டம்பர், அக்டோபர், நவம்பர். குடும்ப மரத்தில் இறந்தவர் இரண்டு மாதம் முன்னதாகவே செத்துப்போவது இதனால்தான்.

பல கற்களில் பிறந்த தேதி இருக்காது. இறந்த தேதியும், வாழ்ந்த ஆண்டு, மாதம், நாள் கணக்கும் மட்டும் இருக்கும். கழித்துப் பார்த்தால் பிறந்த நாள் வந்துவிடும் என்று தோன்றும். ஒருவர் 1801 மார்ச் 5 அன்று 71 ஆண்டு, 4 மாதம், 20 நாள் வயதில் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டை முதலில் கழித்து, பிறகு மாதம், பிறகு நாள் என்று போனால் 1729 அக்டோபர் 16 வரும். நாளை முதலில் கழித்து மேலே போனால் அக்டோபர் 13 வரும். போதகர் எந்த முறையில் கணக்குப் போட்டார் என்று யாருக்குத் தெரியும்? இதோடு நாட்காட்டி மாற்றமும் சேரும். பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752இல்தான் புதிய நாட்காட்டிக்கு மாறின. அப்போது 11 நாள் காணாமல் போயிற்று. ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் நாடுகளோ 1700இலேயே மாறிவிட்டன. எனவே கழித்து எடுத்த பிறந்த தேதிக்கு முன்னால் 'ஏறத்தாழ' என்று போடாதவர் எழுதிய வம்சாவளியை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

பெண்கள் விஷயத்தில் மட்டும் கல்லுக்குக் கூடுதல் மரியாதை தர வேண்டும். 1727 முதல் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்கள், 16 வயதுக்கு மேற்பட்டவர்கள், அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்திட வேண்டும். இன்று கிடைக்கும் கப்பல் பட்டியல்கள் அதன் மிச்சம். மனைவியர், மகள்கள், சிறுபிள்ளைகள் பெரும்பாலும் அவற்றில் இல்லை. நில வரிப் பட்டியலிலும் இல்லை. ஒரு பெண் இருந்தாள் என்பதற்கு முதலும் கடைசியுமான எழுத்துச் சாட்சி பல குடும்பங்களில் அவள் கல்லறைதான். ஜெர்மன் கல் பிறந்த வீட்டுப் பெயரையும் சொல்லும். எத்தனை ஆண்டு இல்லறம் நடத்தினாள், எத்தனை மகன், எத்தனை மகள் பெற்றாள் என்பதையும் சொல்லும். அடக்க ஆராதனையில் போதகர் எந்த வசனத்தின் மேல் பிரசங்கித்தார் என்பதைக்கூடச் சில கற்களில் அடியில் வெட்டியிருப்பார்கள். பின்னால் வந்த ஆங்கிலக் கல்லில் இவ்வளவும் சுருங்கி 'இன்னாரின் மனைவி' என்று நின்றுவிடும். மொழி மாறியதில் பெண்கள் இழந்தது அதிகம்.

வைசரின் மனைவி அன்னா ஏவா நல்ல சான்று. 1720இல் மணந்ததைக் குறிக்கும்போது வைசர் அவரை 'என் அன்னா ஏவா' என்கிறார்; பிறந்த வீட்டுப் பெயரைச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் கதை முளைத்தது. மொஹாக் மக்களோடு வாழ்ந்தவராயிற்றே, மனைவியும் மொஹாக் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று வெகுகாலம் எழுதினார்கள். அவர் ஜெர்மானியக் குடியேறிக் குடும்பத்துப் பெண் என்பதே பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்களின் முடிவு. வெற்றிடம் கண்ட இடத்தில் ருசியான கதையை இட்டு நிரப்புவது குடும்ப வரலாற்றுக்காரர்களின் பரம்பரை நோய்.

இவர்கள் மகள் அன்னா மரியாவை 1745இல் மணந்தவர்தான் மூலன்பெர்க். 1711இல் ஐன்பெக் என்ற ஊரில் பிறந்தவர். அவர் கதை தமிழ் வாசகருக்குத் தொலைவானதல்ல. தமிழகத்தில் ஊழியம் செய்த சீகன்பால்குவையும் பின்னால் சுவார்ட்ஸையும் உருவாக்கிய அதே ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனங்கள்தான் இவரையும் அனுப்பின. இந்தியாவுக்கு அனுப்பும் யோசனையும் ஒரு கட்டத்தில் இருந்தது. 1741 செப்டம்பர் 6, அவருடைய முப்பதாவது பிறந்த நாளில், நிறுவனரின் மகனான இளைய ஃபிராங்கே பென்சில்வேனியா அழைப்பை அவர் முன் வைத்தார். போகும் வழியில் லண்டனில் தங்கியது அரசவைப் போதகர் சீகன்ஹாகனிடம். தரங்கம்பாடி மிஷனுக்கும் லண்டனில் துணை நின்றவர் அவரே. தரங்கம்பாடியிலிருந்து போன அறிக்கைகளும் பென்சில்வேனியாவிலிருந்து போன அறிக்கைகளும் ஹாலேயில்தான் அச்சாயின.

மூலன்பெர்க்கின் கல் லத்தீனில் இருப்பதற்கு இந்தப் பின்னணி போதிய காரணம். சபையார் ஜெர்மன் பேசினார்கள்; அரசாங்கம் ஆங்கிலம் பேசியது. படித்தவரை இரண்டுக்கும் மேலே தூக்கி வைக்க லத்தீன்தான் வழி. அவர் எத்தகையவர், எவ்வளவு பெரியவர் என்பதை வருங்காலம் கல் இல்லாமலே அறியும் என்ற கருத்தில் அந்தக் கல்வெட்டு முடிகிறது. கல்லில் வெட்டி வைத்துக்கொண்டு கல் வேண்டாம் என்று சொல்லும் இந்தப் பெருமிதம் எனக்குப் பிடித்திருக்கிறது. 'டாக்டர்' என்று கல் சொல்வதைச் சோதித்துப் பார்க்கலாம்: பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் 1784இல் அவருக்கு இறையியல் டாக்டர் பட்டம் தந்தது. கல் சொன்னது சரி.

மகன் பீட்டரின் கல் வேறு வகை. 1746 அக்டோபர் 1இல் பிறந்து 1807 அக்டோபர் 1இல் இறந்தார் என்கிறது. பிறந்த நாளும் இறந்த நாளும் ஒன்றாக இருந்தால் ஆராய்கிறவர் உஷாராக வேண்டும். கல்தச்சர் ஒரே தேதியை இரு முறை வெட்டிவிடுவதுண்டு. இங்கே பிற ஆவணங்களும் ஒத்துப்போகின்றன. கல்லில் நம் கவனத்துக்குரியது அவருடைய பட்டம்: 'ஜெனரல்'. போர்க்களத்தில் வீரர், அரசுப் பணியில் விசுவாசமானவர், உண்மையான நண்பர், நேர்மையான மனிதர் என்று புகழ்கிறது. போதகராக இருந்தவர் என்பதைச் சொல்லவில்லை. 1772இல் லண்டன் போய் ஆங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்று, வர்ஜீனியாவின் உட்ஸ்டாக்கில் ஜெர்மானியச் சபையை நடத்தியவர் பீட்டர். அமெரிக்க விடுதலைப் போர் நடந்த 1776இல் பிரசங்க பீடத்திலேயே அங்கியைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த படைச் சீருடையைக் காட்டினார் என்ற புகழ்பெற்ற கதையும் அவரைப் பற்றியதுதான். வாஷிங்டன் கேப்பிட்டலில் உள்ள அவர் சிலைகூட அந்தக் கோலத்தில்தான் நிற்கிறது. அக்கதைக்கு ஊட்டம் தந்தது குடும்பத்தாரில் ஒருவர் 1849இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு. சாவின் போது குடும்பம் பொறித்த சொற்களில் அங்கியும் இல்லை, பீடமும் இல்லை. 1807இல் தேவைப்பட்டது குடியரசின் தளபதி. நாடகம் பிறகு தேவைப்பட்டது.

பீட்டரின் தம்பிகள் இருவரைத் தேடி டிராப் வருகிறவர் ஏமாறுவார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகரான ஃபிரெடரிக் (1750–1801), தாவரவியலாளரும் போதகருமான காட்ஹில்ஃப் ஹென்றி (1753–1815) இருவரும் லங்காஸ்டரில் உட்வர்ட் ஹில் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அந்தத் தோட்டம் தொடங்கப்பட்டதே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். 1801இல் இறந்தவர் அங்கே எப்படி? ஊர் வளர, கோயிலை ஒட்டிய பழைய புதைகுழிகளை ஊருக்கு வெளியே மாற்றுவது அமெரிக்க நகரங்களில் அன்று பரவலாக நடந்தது. கல்லின் தேதி தோட்டத்தின் வயதைவிட மூத்ததாக இருந்தால் அந்தக் கல், அல்லது அந்த உடல், வேறிடத்திலிருந்து வந்தது என்று பொருள். பக்கத்துக் கல்லில் இருப்பவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்ற ஊகமும் அங்கே செல்லாது.

ஃபிரெடரிக்கைச் சுற்றியும் ஒரு மொழிக்கதை உண்டு. அவருடைய ஒரே ஓட்டினால் ஜெர்மன் அமெரிக்காவின் ஆட்சிமொழியாகும் வாய்ப்பை இழந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். நடந்தது வேறு. சட்டங்களை ஜெர்மனிலும் அச்சிட வேண்டும் என்று வர்ஜீனியா ஜெர்மானியர் கொடுத்த விண்ணப்பத்தை ஒட்டி, 1795 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் ஒரு நடைமுறைத் தீர்மானம் 42க்கு 41 என்று தோற்றது. ஆட்சிமொழி பற்றிய பேச்சே இல்லை. அவர் எப்படி வாக்களித்தார் என்ற பதிவும் இல்லை. ஜெர்மனை ஓட்டெடுத்துத் தோற்கடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இந்தக் குடும்பம் பீட்டரின் கல்லில் அதைத் தானாகவே விட்டுவிட்டது.

மகள்களின் வழியில் பெயர்களும் கரைந்தன. ஹென்றி மூலன்பெர்க்கின் மூத்த மகள் ஏவா எலிசபெத் மணந்தது ஷூல்ட்சே என்ற போதகரை. அவர்கள் மகன் ஜான் ஆண்ட்ரூ 1823 முதல் 1829 வரை பென்சில்வேனியாவின் ஆளுநர். பெயரின் எழுத்துக்கூட்டல் அதற்குள் ஆங்கில நாவுக்கு ஏற்பச் சுருங்கிவிட்டது. மற்றக் குடும்பங்களில் இன்னும் மோசம். ம்யுல்லர் மில்லர் ஆனார், ஷ்மிட் ஸ்மித் ஆனார். தச்சர் என்று பொருள்படும் சிம்மர்மன், அப்படியே மொழிபெயர்ந்து கார்ப்பெண்டர் ஆனார். அப்பாவும் மகனும் அடுத்தடுத்த கற்களில் வெவ்வேறு குடும்பப் பெயரோடு இருப்பது அந்தத் தோட்டங்களில் சாதாரணம்.

கற்கள் காத்திருக்கப் போவதில்லை. ஸ்லேட் கல் 250 ஆண்டு கழித்தும் எழுத்தைப் பளிச்சென்று காட்டும். மணற்கல் அடுக்கடுக்காக உரிந்து விழும். எழுத்து மேல் அடுக்கோடு போய்விடும். 19ஆம் நூற்றாண்டில் பணம் வந்தபின் ஆசையாக வாங்கிய வெள்ளைப் பளிங்கை அமில மழை கரைத்துவிட்டது. தாத்தாவின் ஸ்லேட்டைப் படிக்க முடிகிறது, பேரனின் பளிங்கைப் படிக்க முடியவில்லை. இதில் படிக்க வந்தவர்கள் செய்த கேடு வேறு. ஷேவிங் கிரீம் பூசி வழித்தார்கள், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள், சாக்கட்டியால் எழுத்தைக் கோடிட்டார்கள். இவை எதுவும் தேவையில்லை. காலை வெயிலை ஒரு நிலைக்கண்ணாடியில் வாங்கிக் கல்லின் பக்கவாட்டில் சாய்வாக அடித்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து, மொட்டையாகத் தெரிந்த முகத்தில் எழுத்து எழும்பும். அதைப் படமெடுத்துக்கொண்டால் போதும்.

ஹென்றி மூலன்பெர்க்கிலிருந்து எண்ணினால் நான்காவது தலைமுறையில், சபாநாயகரின் பேரன் வில்லியம் அகஸ்டஸ் (1796–1877) ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்தார். லுத்தரன் ஆராதனை ஜெர்மனில் நடந்தது. பிள்ளைகளுக்கோ ஆங்கிலம்தான் புரிந்தது. எனவே குடும்பம் ஆங்கிலத்தில் ஆராதனை நடந்த எபிஸ்கோப்பல் ஆலயத்துக்குப் போகத் தொடங்கியது. வில்லியம் அந்தச் சபையின் குருவாகவே ஆகி, நியூயார்க்கில் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையை நிறுவினார். ஹாலே அனுப்பிய லுத்தரன் போதகரின் கொள்ளுப்பேரன் லாங் ஐலண்டில், தாம் தொடங்கிய செயின்ட் ஜான்லேண்ட் குடியிருப்பின் கல்லறையில் கிடக்கிறார். டிராப்பில் தேடுகிறவருக்கு அங்கிருந்து அவரிடம் வழிகாட்டும் கல் எதுவும் இல்லை. ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள்தான் கொண்டு சேர்க்கும்.

தரங்கம்பாடி, தஞ்சாவூர், திருச்சிப் பகுதியின் பழைய லுத்தரன் குடும்பங்களில் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூலன்பெர்க்கின் கடிதங்களைக் காத்துவைத்திருக்கும் ஹாலே ஆவணக் காப்பகத்தில்தான் தரங்கம்பாடி மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் இருக்கின்றன. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெயரும் தேதியும் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். பிறகு ஹாலேக்கு எழுதிப் பாருங்கள்.